குணம் என்ற கட்டத்தில் என் மகள்

1

இன்றோடு நான் பினாங்குக் கரையில் இறங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது கையில் ஒரு தகரப்பெட்டியும் வாயில் இரண்டு பாஷையும் இருந்தன. பெட்டி துருப்பிடித்துப் போயிற்று. பாஷைகள்தான் இன்னமும் சோறு போடுகின்றன. இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குத் துபாஷி உத்தியோகம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். எனக்கு வேலை வேண்டும்.

வருஷாவருஷம் இந்த நாளில் ஊர்ப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி அனுப்புவது வழக்கம். மின்சார விளக்கு, தார் போட்ட வீதி, மார்க்கெட் தெருவில் மலையாய்க் குவிந்த பட்டு, திருகினால் கொட்டும் குழாய்த் தண்ணீர் என்று நான் எழுதுவதெல்லாம், ஊரில் இருப்பவர்கள் வயிறெரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான். இந்த வருஷம் அப்படி எழுத வரவில்லை. நாலு நாளாக எதை நினைத்தாலும் வெறுப்புத்தான் வருகிறது. முதலில் என்னை நினைத்து. மற்றவர்கள் வரிசையில் நிற்கட்டும்.

துபாஷி வேலை எப்படியென்றால், தோட்டத்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவன், “வயித்துக்குள்ள நண்டு பூந்து பிறாண்டுது சாமி, கங்காணி நான் நடிக்கிறேங்கிறான்” என்பான். நான் துரையிடம், வயிற்று வலி என்பேன். அந்த நாளில் இருந்த துரை அவனுடைய அழுக்கைப் பற்றியும் அவன் பரம்பரையைப் பற்றியும் நீளமாக ஒரு பிரசங்கம் செய்வார். நான் தொழிலாளியிடம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்பேன். இரண்டு பக்கமும் சந்தோஷம். கடைசியில் துரை, இப்போது தேவலையா என்று கேட்பார். நோயாளி என்ன சொன்னாலும் அதற்கு என்னிடம் பதில் ஒன்றுதான்: தேவலை, வந்தனம் சொல்கிறான். இல்லை என்றால் துரையின் முகம் சுருங்கும். துரையின் முகம் சுருங்கினால், புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸரின் கை நீளும். அது விழுவது நோயாளியின் முதுகில். இது தெரிந்த நோயாளிகள், “அண்ணே, நீங்களே பாத்துச் சொல்லிருங்க லா” என்று இந்த ஊர் ‘லா’ ஒன்றையும் ஒட்டிப் பொறுப்பை என்னிடமே விட்டுவிடுவார்கள்.

இதற்கு நான் மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

2

எனக்கு ஒரே மகள். பத்து வயது. சங்கீதத்துக்குப் பாதுகாவலியான புனிதவதி, அர்ச்சியசிஷ்டவளின் பெயரைக் கோவில் சாமியார் அவளுக்கு வைத்தார்: செசீலி. ஞானஸ்நானத்தின்போது முகத்துத் துணியை முழுக்க விலக்கிப் பார்த்திருந்தால் வேறு யாருடைய பெயரையாவது வைத்திருப்பார். மேலுதடு மூக்குவரை பிளந்து, உள்ளே மேல் அண்ணமும் பிளந்து பிறந்தவள் அவள். பால் ஊட்டினால் பாதி மூக்கு வழியாகத் திரும்பி வரும். என் மனைவி ஆரோக்கியம் பஞ்சைத் திரித்து நனைத்துத் துளித்துளியாக ஊட்டினாள். ஒரு சங்குப் பாலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

ஊருக்கு எழுதினேன். அண்ணனிடமிருந்து பதில் வந்தது: கிரகணத்தன்று உன் பெண்சாதி எதை வெட்டினாள் என்று விசாரித்து எழுதவும். நான் நாலு எழுத்துப் படித்தவன் அல்லவா? பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்தப் பத்து மாதத்தில் கிரகணமே கிடையாது என்று பக்கத்தைக் குறிப்பிட்டு எழுதினேன். அதற்கு அண்ணன், நம் பஞ்சாங்கம் சமுத்திரம் தாண்டிச் செல்லாது, பினாங்குக் கிரகணம் வேறாக இருக்கலாம் என்று எழுதினார். வானசாஸ்திரத்தில் இவ்வளவு தூரம் போய்விட்டவரோடு யார் வாதாடுவது? ஆனால் ஆரோக்கியம் அதை நம்பினாள். “ஒரு நாளு உச்சிவெயில்ல மீன் அரிஞ்சேங்க” என்று அழுதாள். கடற்கரையில் பிறந்தவள் மீன் அரியாத நாள் எது?

பாசாரில் முன்பின் தெரியாத பெண்கள் குழந்தையின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள், மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பது போல. பார்த்துவிட்டுத் தங்கள் வயிற்றில் கை வைத்துக்கொள்வார்கள். அந்தக் கையை ஒடிக்கலாம் போலிருக்கும். நான் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வெற்றிலை வாங்கிக்கொண்டு வருவேன்.

அவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாகப்பட்டினத்தில் வலை பின்னுகிற ஒருவர் இருந்தார். உதடு மூளி. கல்யாண ஊர்வலம் கிளம்பும் நேரத்தில், வீட்டுக்குள் இருக்கும்படி அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் பேசுவதைப் பேசிக் காட்டுவதில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் கெட்டிக்காரன். நாக்கைப் பின்னுக்கு இழுத்துக் காற்றை மூக்கில் ஏற்றிவிட்டால் அச்சு அசல் அவரே. வாத்தியார்கூட மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் நாவன்மைக்கு ஊரில் கிடைத்த முதல் கைத்தட்டல் அது. துபாஷி வேலைக்கு மனுப் போட்டபோது அந்தத் தகுதியை நான் குறிப்பிடவில்லை.

செசீலி பேசத் தொடங்கியதும் அதே குரல் என் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அப்பா என்று கூப்பிடுவாள். காற்றெல்லாம் மூக்கில் போய் அது அம்மா என்று விழும். அடுப்படியிலிருந்து ஆரோக்கியம் என்னடி என்பாள். இலக்கணக்காரர்கள் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பாடுபட்டுப் பிரித்து வைத்ததை அவள் மூக்கு ஒரே இனமாக்கிவிட்டது. எனக்கு மட்டும் எல்லாம் புரியும். கடையில், கோவிலில், பள்ளியில் அவள் வாயைத் திறப்பதற்குள் அவளுக்காக நான் திறந்துவிடுவேன். அவள் சொன்னவற்றை இந்தக் குறிப்பிலும் நல்ல எழுத்தில்தான் எழுதப் போகிறேன். உள்ளபடி அச்சிட அச்சாபீஸில் எழுத்தில்லை, எனக்கு மனமும் இல்லை.

3

மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பெரிய துரையாக வந்தவர் கத்தி பிடிப்பதில் சூரர். அவர் கெட்டவர் என்று எழுத முடிந்தால் எனக்கு வசதியாக இருக்கும். நல்லவர். செசீலியை ஒரு நாள் தாழ்வாரத்தில் பார்த்து, அவராகவே, இதைச் சரிசெய்யலாம் என்றார்.

உதட்டைத் தைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்தார்கள். தலை வாரி அழைத்துவந்திருந்தாள் ஆரோக்கியம். படம் எடுத்தவர் தலையைக் கலைத்துவிடச் சொன்னார். தைத்து ஆறியபின் இன்னொரு படம். இந்த முறை ஆஸ்பத்திரி நர்ஸம்மாவே தலைவாரி, வெள்ளை ரிப்பன் கட்டி, கன்னத்தில் பவுடரும் போட்டுவிட்டாள். கத்தி பட்டது உதட்டில், சீப்புப் பட்டது தலையில். இரண்டையும் ஒரே அட்டையில் ஒட்டி வைத்தியத்தின் பெருமை என்று வைத்துக்கொண்டார்கள். தையல் மட்டும் உண்மையிலேயே அழகு. கோடு தெரியாது.

போன வருஷம் அண்ணத்தையும் தைத்தார். ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு உள்ளே தையல் ஓரிடத்தில் விட்டுப் பச்சைப்பயறு அளவில் ஒரு ஓட்டை விழுந்தது. கஞ்சி குடித்தால் மூக்கில் வந்தது. செசீலி தானாகவே ஒரு உபாயம் கண்டுபிடித்தாள்: முகவாயை உயர்த்திக்கொண்டு, குருவி குடிப்பதுபோலத் துளித்துளியாகக் குடிப்பாள். அப்படிக் குடித்தால் வெளியே தெரியாது. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்துபோன பிறகுதான் இவள் சாப்பிடுவாள் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

ஆறு மாதத்துக்கு முன் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். அன்று மழை, அறையில் வெளிச்சம் போதாது. துரை உதட்டைப் பார்த்து மகிழ்ந்தார். வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். பிறகு, சாப்பாடு மூக்கில் வருகிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். “வருதுப்பா. கஞ்சி, காப்பி, எல்லாமே” என்றாள்.

நான் துரையிடம், எப்போதாவது, மிகக் கொஞ்சம் என்றேன்.

காலப்போக்கில் சரியாகிவிடும் என்றார் அவர். அவர் முகம் சுருங்கவில்லை என்ற நிம்மதியோடு நான் வெளியே வந்தேன். பத்து வயது மகளின் வாயில் ஓட்டை இருக்க, ஐம்பது வயதுத் துரையின் முகத்துக்காக நிம்மதிப்பட்ட ஒரு தகப்பனை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? பினாங்குக்கு வந்தால் காட்டுகிறேன்.

4

செசீலி படிப்பது கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில். அங்கே ஐர்லாந்துக்காரியான ஒரு மதர் இருக்கிறார். உயரமான, கோபக்காரக் கிழவி. பள்ளி விட்டபின் செசீலியை உட்காரவைத்து நாக்குக்கு வேலை கற்றுக்கொடுப்பது அவர்தான். எரியும் மெழுகுவத்தியின் சுடரை வாயால் ஊதி, அணைக்காமல் சாய்க்க மட்டும் வேண்டும். மேசைமேல் ஒரு கோழியிறகை ஊதி நகர்த்த வேண்டும். மூக்குக்குக் கீழே கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கில் போகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். மதருக்குத் தமிழ் தெரியாது, அதனால் எல்லாம் இங்கிலீஷில்.

இதில் வந்த வினை என்னவென்றால், இங்கிலீஷ் சொற்களை நிதானமாக, இடம் பார்த்து வைத்துப் பேசக் கற்றுக்கொண்டவள், தமிழில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். செபமும் இங்கிலீஷில். ஆரோக்கியத்துக்கு ஆமென் தவிர ஒன்றும் விளங்காது. “எம் புள்ள எங்கிட்ட பேச்ச நிறுத்திட்டா. தொரசாணி பாஷையில சாமிகிட்ட மட்டும் பேசுறா” என்று ஒரு நாள் சொன்னாள். அவளைத் தேற்ற நானே செபத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். அதிலும் இரண்டொரு வரியை எனக்குத் தோன்றியபடி மாற்றினேன் என்று நினைக்கிறேன்.

போன மாதம் மதர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். செசீலியைப் பேசவைத்து, கண்ணாடித் துண்டைக் காட்டினார். அதில் புகை போட்டது போல ஆவி.

ஓட்டைக் குடத்தில் நான் எத்தனை நாள் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டார். துரை இந்த ஓட்டையைப் பார்த்தாரா என்றார். பார்த்தார் என்றேன். என்ன சொன்னார்? சரியாகிவிடும் என்றார். மதர் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, “நீர் அவரிடம் என்ன சொன்னீர்?” என்று கேட்டார்.

நான் அந்தக் கண்ணாடியை எடுத்து ஆவியைத் துடைத்தேன்.

துரை சீக்கிரமே சீமைக்கு நீண்ட விடுப்பில் போகிறார், அண்ணம் தைக்கத் தெரிந்தவர் இங்கே வேறு யாரும் இல்லை, அவர் கப்பல் ஏறுவதற்குள் இதை மூடாவிட்டால் இந்தப் பெண்ணின் பேச்சு இப்படியே நின்றுவிடும் என்று மதர் பாடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். செசீலி பக்கத்தில் கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். துரையிடம் அன்று நான் இங்கிலீஷில் சொன்னதும் அவளுக்கு விளங்கியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

துரையின் அறை வாசலில் மூன்று தரம் போய் நின்றேன். தங்கள் வேலை முற்றுப்பெறவில்லை என்று ஒரு துபாஷி பெரிய துரையிடம் எப்படிச் சொல்வது? அதைவிட, நான் அன்று சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வது? மூன்று தரமும், மேசையில் ஏதாவது காகிதம் கையெழுத்தாக வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ரிக்கார்டு கிளார்க் பாக்கியநாதனிடம் போனேன். எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் நாலு கட்டம் உண்டு: குணம், தேவலை, மாற்றமில்லை, மரணம். மூன்றாவது கட்டம் ஏட்டுக்கு ஏடு வெள்ளைவெளேரென்று கிடக்கும். எங்களிடம் வருகிறவர்கள் குணமாகிறார்கள், இல்லாவிட்டால் செத்துப்போகிறார்கள். சும்மா இருப்பவர்கள் யாருமில்லை. செசீலியின் பெயருக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. அதை மூன்றாவது கட்டத்தில் போட முடியுமா என்று கேட்டேன்.

“அண்ணே, அந்தக் கட்டத்துல ஒரு எழுத்து விழுந்தா மேலிடத்துல விளக்கம் கேப்பாங்க லா. வெளியூர் டாக்டர்ங்க வர்றாங்க, வியாழக்கிழமை அவுங்க முன்னாடி கேஸைக் காட்டிட்டு குணம்னு துரை கையெழுத்துப் போடப்போறாரு. போட்டா ஃபைல் கீழே போயிரும். குணமானவளுக்கு யாரு மறுபடியும் கத்தி வெப்பாங்க?”

5

வியாழக்கிழமை. அதே நர்ஸம்மா அதே ரிப்பனைக் கட்டினாள். தாழ்வாரத்தில் காத்திருந்தபோது செசீலி என் கையைப் பிடித்தாள். தமிழில் பேசினாள்.

“இன்னைக்கு நான் சொல்றத அப்படியே சொல்லுங்கப்பா.”

சரி என்றேன். அந்தச் சரியைச் சொன்னபோது அதை நிறைவேற்றத்தான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

உள்ளே விருந்தாளி டாக்டர்கள் நாலு பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். சுவரில் இரண்டு படமும் ஒட்டிய அட்டை. துரை செசீலியின் தோளைப் பிடித்து நிறுத்தி, பென்சில் முனையால் உதட்டைக் காட்டி விளக்கினார். ஒருவர் எழுந்து வந்து குனிந்து பார்த்து, கோடே தெரியவில்லையே என்று பாராட்டினார். நாலு பேரும் பார்த்தது உதட்டை. அந்த உதட்டுக்கு மேலே இரண்டு கண் இருந்தது யாருக்கும் ஞாபகமில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதே சமயம், பாவி, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

துரை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவளுக்குத் திருப்தியா என்று கேளுங்கள் என்றார். கேட்டேன்.

“இல்லப்பா. எது குடிச்சாலும் மூக்குல வருது. பள்ளிக்கூடத்துல யாரும் எம் பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டேங்குறாங்க. அதைச் சொல்லுங்க.”

செக்கு மாட்டை அவிழ்த்து விட்டாலும் அது வட்டமாகத்தான் நடக்கும். என் வாய் திறந்தது. மிகவும் திருப்தி, துரை, வந்தனம் சொல்கிறாள் என்றது.

துரை புன்னகை செய்து பதிவேட்டின்மேல் குனிந்தார்.

செசீலி இங்கிலீஷில் பேசினாள். நான் அப்படிச் சொல்லவில்லை என்றாள். ஒவ்வொரு சொல்லையும் மதர் சொல்லிக்கொடுத்தபடி தனித்தனியாக வைத்துத்தான் சொன்னாள். ஆனால் காற்று அந்தப் பயறளவு ஓட்டையில் போய்விட்டது. டாக்டர்களுக்கு ஒரு முனகல்தான் கேட்டிருக்கும். துரை நிமிர்ந்தார். செசீலியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்றார்.

நான் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தேன்.

மேசைமேல் டாக்டர்களுக்காக ஒரு கூஜாவும் கண்ணாடித் தம்ளரும் இருந்தன. செசீலி போய்த் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். இந்த முறை முகவாயை உயர்த்தவில்லை. மற்ற மனிதர்கள் குடிப்பது போலத் தலையைத் தாழ்த்தி, ஒரே மூச்சில், மடக்கென்று வாய் நிறையக் குடித்தாள்.

தண்ணீர் இரண்டு நாசியிலிருந்தும் கொட்டியது. அழகான தையலின்மேல் வழிந்து, சட்டையெல்லாம் நனைந்தது. புரையேறி இருமினாள். பாராட்டிய டாக்டர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்து கால்சட்டையைத் துடைத்துக்கொண்டார். அவள் இருமி முடித்தாள், புறங்கையால் மூக்கைத் துடைத்தாள், மறுபடியும் தம்ளரை எடுத்தாள்.

“போதும்” என்றார் துரை.

பேனாவை மூடினார். கைவிளக்கை எடுத்து, முக்காலியை இழுத்துப் போட்டு அவள் முன் உட்கார்ந்து வாய்க்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இது எப்போதிலிருந்து என்று என்னைக் கேட்டார்.

“அவளையே கேளுங்கள் துரை. என் பேச்சை நம்பாதீர்கள்.”

இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு துரையை நான் எதிர்த்துச் சொன்னது அந்த ஒன்றுதான். தமிழில் சொன்னேனா இங்கிலீஷிலா என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம். துரை அவளிடம் கேட்டார். அவள் சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். நான் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தேன். மறுபடியும் கேட்டார். மூன்றாம் தரம் அவள் உதட்டைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு அவரே திருப்பிச் சொன்னார்: தைத்து ஒரு மாதம் ஆனதிலிருந்து. அவள் தலையசைத்தாள்.

பதிவேட்டை இழுத்து, மாற்றமில்லை என்ற மூன்றாவது கட்டத்தில் அவரே எழுதினார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் படுக்கை, தான் கப்பல் ஏறுவதற்கு முன்பே கத்தி என்றார். இந்த முறை ஒட்டும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் செசீலியிடமே சொன்னார். அவள் சரி என்றாள். அது அவருக்கு முதல் தரத்திலேயே விளங்கியது.

விருந்தாளிகள் போனபின் துரை என்னை நிறுத்தினார். மிகக் கொஞ்சம் என்றுதானே நீர் சொன்னீர் என்றார். ஆமாம் என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

“வேறு எத்தனை பேருக்கு இப்படிச் சொன்னீர்?”

அந்தக் கேள்விதான் நாலு நாளாக என்னோடு எழுந்து என்னோடு படுக்கிறது. வயிற்றில் நண்டு என்றவன் தேவலையாகித் தோட்டத்துக்குத்தான் போனானா? கண்ணில் மணல் விழுந்தது போல என்று சொன்ன கிழவர்? இரண்டு நாள் கழித்து மறுபடியும் வருகிறேன் என்று போய், வராத அந்தப் பெண்? எல்லாருக்கும் நான் வந்தனம் சொல்லியிருக்கிறேன். எண்ணிப் பார்க்கவில்லை துரை என்றேன். வேறு என்ன சொல்ல?

படியிறங்கும்போது பாக்கியநாதன் ஏட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “அண்ணே, துரையே மூணாவது கட்டத்துல எழுதிட்டாரே. விளக்கம் கேட்டா யாரு எழுதுறது?”

நான் எழுதுகிறேன் என்றேன்.

6

வாசலில் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன். சீனக் கிழவன்; எங்கே என்று மலாயில் கேட்டான். சூலியா தெரு என்று சொல்ல வாயெடுத்தேன். செசீலி எனக்கு முன்னால் போய், தெருவையும் எந்தச் சந்து என்பதையும் அவனுக்குச் சொன்னாள். நனைந்த ரிப்பனை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

கிழவனுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தான்.

நான் எதிர்ச்சாரியில் இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிழவன் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, குனிந்து, மறுபடியும் அவளைக் கேட்டான்.